சொந்தப் பொண்ணு மாதிரி: வீட்டு வேலையில் இருந்த 13 வயதுச் சிறுமி குறித்த நிகழ்வு ஆய்வு

இது சென்னையிலும் அதன் தெற்கு எல்லையிலும் 2022 முதல் 2024 வரை நடந்தது. மீட்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆவது பிரிவு தடை செய்கிறது. அதனால் பெயர், தெரு, பள்ளி, அடுக்ககம் எதுவும் இங்கே இல்லை. அடையாளம் காட்டிவிடக் கூடிய சில சின்ன விவரங்களையும் மாற்றியிருக்கிறோம். எழுதுவது, குழந்தைகள் பாதுகாப்புக்காகக் களத்தில் வேலை செய்யும் ஒரு சிறு குழு.

குடும்பம்

சிறுமியின் பெற்றோர் அடையாற்றங்கரையில் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள். அப்பா பெயின்டர். அம்மா நாலைந்து வீடுகளில் வேலை செய்பவர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் குடிசை போனது. ஆற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றைப் போல இவர்களுக்கும் பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கினார்கள். எட்டு அடுக்குக் கட்டடத்தில் ஐந்தாவது மாடி. பழைய இடத்திலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர்.

வீடுதான் மாறியது, வேலை பழைய இடத்திலேயே இருந்தது. அம்மா காலை ஐந்தரைக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றால்தான் முதல் வீட்டுக்கு ஏழரைக்குப் போய்ச் சேர முடியும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்றானதும் பணம் மிச்சமானது, நேரம் மிச்சமாகவில்லை. இரவு எட்டு மணிக்கு முன்னால் அவர் வீடு திரும்பியதே இல்லை. அப்பாவும் வேலை கிடைக்கிற நாளெல்லாம் நகரத்துக்குள்தான். பள்ளி விட்டு வரும் பெண்ணும், அவளைவிட நான்கு வயது இளைய தம்பியும் அம்மா வரும்வரை தனியாக இருந்தார்கள்.

அம்மா வேலை செய்த வீடுகளில் ஒன்றில் அவர் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்தார். அந்த வீட்டம்மாவை அவர் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார். பிரசவத்துக்குப் பணம் கொடுத்தவர் பெரியம்மா. வெள்ளத்தின்போது மாடியில் தங்க இடம் கொடுத்து மூன்று நாள் சோறு போட்டவரும் அவரே. ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம், தீபாவளிக்குப் புடவை. இதில் எதுவும் நடிப்பு என்று நாங்கள் நினைக்கவில்லை. அந்த அன்பு உண்மையானது. அது உண்மையாக இருந்ததால்தான் பின்னால் நடந்ததை யாராலும் தவறாகப் பார்க்க முடியவில்லை.

சடங்கும் அதன் கடனும்

2022 மே மாதம், ஏழாம் வகுப்பு முடிந்த விடுமுறையில், சிறுமி வயதுக்கு வந்தாள். மஞ்சள் நீராட்டு விழா வைத்தார்கள். பந்தல், பிரியாணி, ஃபிளெக்ஸ், தாய்மாமன் சீர் எல்லாம் சேர்ந்து அறுபதாயிரத்தைத் தாண்டியது.

வெளியில் இருந்து பார்ப்பவர்கள் இதை வீண் ஆடம்பரம் என்று சட்டெனச் சொல்லிவிடுவார்கள். அம்மாவின் கணக்கு வேறு. ஆற்றங்கரையில் இருந்த காலத்தில் அவர் எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் மொய் எழுதியவர். தன் வீட்டில் ஒரு விசேஷம் வைத்தால்தான் அது திரும்பி வரும். ஆனால் அந்தக் குடிசைப் பகுதியே கலைந்துவிட்டது. சிலர் பெரும்பாக்கம், சிலர் வேறு மறுகுடியிருப்புகள், சிலர் சொந்த ஊர். பத்திரிகை போய்ச் சேர்ந்ததே பாதிப் பேருக்குத்தான். மொய் நோட்டில் வந்த தொகை எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. ஒரு குடியிருப்பை இடம் மாற்றும்போது ஏழைகளின் இந்தச் சேமிப்பும் சேர்ந்தே அழிகிறது. அதை யாரும் இழப்பீட்டுக் கணக்கில் எழுதுவதில்லை.

குறைந்த பணத்தைப் பெரியம்மா கொடுத்தார். நாற்பதாயிரம். சீட்டு இல்லை, வட்டி இல்லை. "உன்னால முடியுறப்ப கொடு" என்றாராம்.

ஜூனில் பள்ளி திறந்தபோது சிறுமி போகவில்லை. படிப்பில் விருப்பம் இல்லாமல் இல்லை. அம்மா பின்னால் எங்களிடம் சொன்னது இது: "வயசுக்கு வந்த பொண்ணு. அஞ்சாவது மாடி. லிஃப்ட் எப்ப நிக்கும்னு தெரியாது, படிக்கட்டுல லைட் கிடையாது. நான் வந்து சேர எட்டு மணி ஆவுது. எவன் வந்து கதவைத் தட்டுவானோன்னு நெனச்சா அங்க பாத்திரம் தேய்க்கவே கை ஓடாதும்மா."

இந்தப் பயத்துக்குப் பெரியம்மா ஒரு வழி சொன்னார். தன் மகள், மருமகன் இருவரும் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். தென்சென்னையில் ஓர் அடுக்ககத்தில் குடியிருக்கிறார்கள். ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. "உன் பொண்ணு சும்மாதானே இருக்கா? அங்க துணைக்கு இருக்கட்டும். பாப்பாவைப் பாத்துக்கட்டும். பத்திரமா இருப்பா. படிப்பை அப்புறம் பிரைவேட்டா எழுத வச்சுக்கலாம்." மாதம் மூவாயிரம் என்று பேச்சு. இரண்டாயிரம் கடனில் கழியும், ஆயிரம் அம்மாவின் கையில். மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வரலாம்.

பெரும்பாக்கத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இதைக் கேட்டுப் பொறாமைதான் பட்டார்கள். இரண்டு பேர், தங்கள் மகளுக்கும் இப்படி ஒரு நல்ல இடம் கிடைக்குமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள்.

தகவல்

2023 ஜனவரியில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர் அதே அடுக்ககத்தில் இன்னொரு வீட்டில் சமையல் வேலை பார்க்கும் பெண். எட்டு மாதமாக அந்தச் சிறுமியை லிஃப்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். காவலாளிக்குத் தெரியும், சங்கத்துக்காரர்களுக்குத் தெரியும், மாலையில் பூங்காவில் பிள்ளைகளை விளையாட விடும் தாய்மார்களுக்கும் தெரியும். அவர்கள் பிள்ளைகள் ஊஞ்சலில் ஆடும்போது பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு ஓரமாக நின்றுகொண்டிருப்பாள். கேட்டவர்களுக்கு, தெரிந்தவர் வீட்டுப் பெண், துணைக்கு வந்திருக்கிறாள் என்று பதில். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

சமையல்காரப் பெண் மட்டும் ஏன் அழைத்தார் என்று பின்னால் விசாரித்தோம். "எங்க அக்காவையும் இப்படித்தான் ஒரு வீட்டுல விட்டாங்க சார். கல்யாணம் வரைக்கும் அங்கதான் இருந்துச்சு. அதுக்கு இன்னிக்கும் பஸ் நம்பர் படிக்கத் தெரியாது" என்றார்.

முதலில் வயது

தகவல் வந்ததும் கிளம்பிவிடவில்லை. கடையிலோ பட்டறையிலோ நுழைவது போல ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் நுழைய முடியாது. உள்ளே போய், "பதினஞ்சு வயசு ஆகுதுங்க" என்று அவர்கள் சொன்னால் கையில் ஆதாரம் வேண்டும். இதில் வயதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல் வந்தபோது வீட்டு வேலை அதில் இல்லை. 2006 அக்டோபர் 10 முதல்தான் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது குற்றமானது. 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, இருபதாயிரம் முதல் ஐம்பதாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். 14 தாண்டிவிட்டால் ஆபத்தான தொழில்களுக்கு மட்டுமே அந்தச் சட்டத்தில் தடை.

பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் கணினிப் பதிவான எமிஸில் பிறந்த தேதி 2009 நவம்பர். அதாவது 13 வயது இரண்டு மாதம். அதே பதிவில் இன்னொன்றும் தெரிந்தது. எட்டு மாதமாகப் பள்ளிக்கு வராத பெண், எட்டாம் வகுப்பில் படிக்கும் மாணவியாகவே இருந்தாள். பேர் எடுக்கப்படவில்லை, வீட்டுக்கு யாரும் போகவில்லை. வகுப்பாசிரியை மறைக்காமல் சொன்னார்: "சடங்கு சுத்தினா இந்தப் பக்கத்துப் பிள்ளைங்க கொஞ்ச நாள் வராதுங்க. அப்புறம் வரும்னு விட்டுட்டோம்." அவர் அக்கறை இல்லாதவர் என்று சொல்ல முடியாது. சடங்குக்குப் பின் ஒரு பெண் வராமல் போவது அவருக்குச் செய்தியாகவே படாத அளவுக்கு வழக்கமாகிவிட்டது.

வீட்டில் கண்டது

பிப்ரவரி தொடக்கத்தில் தொழிலாளர் துறை அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அலுவலர், ஒரு பெண் காவலர் ஆகியோருடன் போனோம். முன்கூட்டியே யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் குழந்தை அன்றைக்கே சொந்த ஊருக்குப் பேருந்து ஏற்றப்பட்டிருப்பாள்.

கதவைத் திறந்தது சிறுமிதான், இடுப்பில் குழந்தையோடு. பயந்தது தெரிந்தது. ஆனால் குழந்தையை இறக்கி விடவில்லை.

சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷின் இருக்கும் சின்ன இடத்தில், ஜன்னல் திட்டில் ஓர் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் கவிழ்த்து வைத்திருந்தது. அவளுடையது. வீட்டின் மற்ற தட்டுகள் உள்ளே அடுக்கில். விரலிடுக்குகளில் தோல் வெடித்திருந்தது, சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வருவது. படுப்பது குழந்தையின் தொட்டில் பக்கத்தில், பாயில்.

ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒரு தாள் ஒட்டியிருந்தது. கோடு போட்ட நோட்டில் கிழித்தது, சிறுமியின் கையெழுத்து. "6.30 பால். 8 இட்லி. 10 குளியல். 12.30 பருப்பு சாதம். 4 பழம். 7 கஞ்சி. 11 பால். ராத்திரி 2 பால்." ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் எத்தனை ஸ்பூன் பவுடர் என்று குறிப்பு. தப்பில்லாமல், அழகான எழுத்து. அலுவலர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். காலை ஆறரையிலிருந்து இரவு இரண்டு வரை இந்தச் சிறுமி கண் விழித்திருந்ததற்கு அதைவிடத் தெளிவான சாட்சி பின்னால் எங்கும் கிடைக்கவில்லை.

வீட்டுக்காரப் பெண்ணை வேலையிடத்திலிருந்து வரவழைத்தோம். அவர் அழுதார். "வேலைக்காரி இல்லைங்க. சொந்தப் பொண்ணு மாதிரி வச்சிருக்கோம். எங்க கூடவே மாலுக்கு எல்லாம் வருவா." அவர் பொய் சொன்னதாக நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. தட்டு ஏன் வெளியே இருக்கிறது என்று காவலர் கேட்டபோது அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அது... அம்மா வீட்டுலேயும் அப்படித்தான் வச்சிருப்போம்" என்றார். தலைமுறையாக வரும் ஒரு தீண்டாமைப் பழக்கம், புது ஃபிளாட்டில், படித்த ஒருவர் கையில், யாரும் கேள்வி கேட்காமல் தொடர்ந்துகொண்டிருந்தது.

சிறுமியிடம் தனியாகப் பேசியபோது அவள் சொன்னது: "நான் வேலை எல்லாம் செய்யல அக்கா. பாப்பாவைப் பாத்துக்குறேன். வீடு பெருக்குவேன், பாத்திரம் தேய்ப்பேன், துணி காயப் போடுவேன். அவ்ளோதான்."

குழந்தைகள் நலக் குழுவின் முன்னால்

சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் சிறுமியைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தினோம். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். வேலை செய்த இடம் சென்னை மாவட்டம். பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டம். மீட்டது ஒரு மாவட்டத்தின் குழு, வீட்டு நிலையை விசாரித்து அறிக்கை தர வேண்டியது இன்னொரு மாவட்டத்தின் அலகு. கோப்பு போய் வரும்வரை சிறுமியை அரசு அங்கீகாரம் பெற்ற ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் தங்க வைக்க வேண்டியதாயிற்று. அது ஒரு மாதம் ஆனது. தன் மகளைச் சிறையில் போட்டுவிட்டார்கள் என்றுதான் அம்மா கடைசிவரை நம்பினார். இல்லத்தின் வாசலில் நின்று, "நான் பத்திரமான எடத்துல வச்சிருந்தேன், நீங்க ஊர் பேர் தெரியாதவங்க கூட வச்சிருக்கீங்க" என்று அவர் கேட்டதற்கு எங்களால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்காரர் தரப்பில் ஒரு சமாதானம் பேசினார்கள். மீதிக் கடனைத் தள்ளிவிடுகிறோம், கூடுதலாக ஐம்பதாயிரம் தருகிறோம், புகார் வேண்டாம். அம்மாவுக்குச் சம்மதம். எங்களுக்குள் இதில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. குடும்பத்தின் கையில் ஐம்பதாயிரம் இருப்பது நல்லதுதானே என்று எங்கள் குழுவில் ஒருவர் அழுத்தமாகவே சொன்னார். ஆனால் இது பணம் கொடுத்து முடிக்கும் விஷயம் என்று அந்த அடுக்ககத்தில் பரவினால், அடுத்த வீட்டில் அடுத்த சிறுமி வருவாள். தவிர, 2016-க்குப் பிறகு இது காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக் கூடிய குற்றம். அலுவலர்கள் நேரில் பார்த்துவிட்ட பின் சமாதானத்துக்கு நாங்கள் துணை போக முடியாது. முதல் தகவல் அறிக்கை பதிவானது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தோடு, குழந்தையை வேலையில் வைத்துச் சுரண்டுவது பற்றிய, சிறார் நீதிச் சட்டத்தின் 79-ஆவது பிரிவும் சேர்க்கப்பட்டது.

அம்மாவும் கடனும்

எட்டு மாதத்தில் பதினாறாயிரம் கழிந்திருந்தது, இருபத்துநாலாயிரம் பாக்கி. முன்பணத்துக்கு ஈடாக உழைப்பைப் பெறுவது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழும் வரக் கூடியது. கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்று கொடுத்தால் கடன் சட்டப்படி ரத்தாகும், அரசின் மறுவாழ்வு உதவியும் கிடைக்கும். அம்மாவிடம் இதை விளக்கினோம். அந்த உதவி அந்த நேரத்தில் அவர்களுக்கு எவ்வளவு தேவை என்று எங்களுக்குத் தெரியும்.

கொத்தடிமை என்ற பேச்சை எடுத்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. "எங்களை யாரும்மா அடிமையா வச்சா? வெள்ளத்துல சோறு போட்டவங்க. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. வாங்கின காசு இல்லன்னு நான் எழுதிக் கொடுக்கணுமா? அந்தக் காசுல என் புள்ளை சோறு தின்னா செரிக்குமா?"

விசாரணையில் அவர், பணம் வாங்கியதும் மகள் அங்கே இருந்ததும் இரண்டும் தனித்தனி என்று சொல்லிவிட்டார். சான்று கிடைக்கவில்லை. அவரை வற்புறுத்துவதில்லை என்று முடிவு எடுத்தோம். தன்னைப் பற்றி அவர் வைத்திருக்கும் மரியாதையே அந்தக் கடனைத் திருப்பிக் கொடுப்பதில்தான் இருந்தது. அதை உடைத்துவிட்டு அவரிடமே மகளைப் பள்ளிக்கு அனுப்பு என்று கேட்க முடியாது. சட்டத்தின் கண்ணில் இது ஒரு நஷ்டம். பின்னால் அவர் எங்களோடு பேசிக்கொண்டே இருந்ததற்கு இந்த முடிவுதான் காரணம் என்று இப்போதும் நினைக்கிறோம்.

வேலை போனது

மார்ச் மாதம் சிறுமி வீடு திரும்பினாள். அதற்குள் பெரியம்மா வீட்டில் அம்மாவுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அது எதிர்பார்த்ததுதான். மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாக நின்றதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரே வட்டாரம், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். "அவளை வச்சா போலீஸ் வரும்" என்ற பேச்சு போதும். மே மாதத்துக்குள் ஐந்து வீட்டில் ஒன்றுதான் மிஞ்சியது.

பெரும்பாக்கத்தில் வேறு விதமான பேச்சு. ஒரு மாதம் இல்லத்தில் இருந்துவிட்டு வந்த பெண்ணைப் பற்றி மாடிப்படியில் என்னென்னவோ பேசினார்கள். வீட்டு வேலைக்குப் போனபோது நல்ல பெயர், மீட்டு வந்தபோது கெட்ட பெயர். அப்பாவால் இதைத் தாங்க முடியவில்லை. பள்ளியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், சொந்த ஊரில் அவர் அக்கா வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன், பதினாறு ஆனதும் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்ற இடத்துக்கு வந்துவிட்டார். குழந்தைத் திருமணம் குற்றம் என்று நாங்கள் சொன்னோம். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

தாய்மாமன்

இந்த நிலையில் யார் சொன்னால் அந்த வீட்டில் எடுபடும் என்று யோசித்தோம். அம்மாவின் தம்பி ஆட்டோ ஓட்டுபவர். சடங்குக்குச் சீர் கொண்டுவந்து பந்தலில் நின்றவர். அந்தப் பெண்ணைப் பற்றிய எந்தப் பெரிய முடிவிலும் தாய்மாமனுக்கு ஒரு வார்த்தை உண்டு. அப்பாவாலும் அதைத் தள்ள முடியாது. இத்தனை நாளும் அவரிடம் யாரும் பேசவே இல்லை.

அவருடைய மூத்த மகள் அரசுப் பள்ளியில் படித்து அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருந்தது. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் மகளையும் கூட்டிக்கொண்டு பெரும்பாக்கம் வந்தார். நாங்களும் இருந்தோம், பேசியது அவர்தான். "யக்கா, பன்னண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சா காலேஜுக்கு ஆயிரம் ரூபா வருது. எம் பொண்ணு கையில பாரு. நீ ஊருக்கு அனுப்பினா அதுவும் போச்சு. மாமா, சீர் செஞ்சவன் நான் சொல்றேன், படிக்கட்டும். எவன் என்ன பேசினாலும் எங்கிட்ட வரச் சொல்லு." சிறுமியின் அப்பா ஒன்றும் பேசவில்லை. ஊருக்கு அனுப்பும் பேச்சு அதோடு நின்றது.

சட்டத்தையும் உரிமையையும் சொல்லி நாங்கள் அசைக்க முடியாததை, அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஓர் உறவு ஒரு மதியத்தில் அசைத்தது. அந்தப் பெண்ணின் வாழ்க்கையை ஆண்கள் கூடித் தீர்மானிப்பதை நாங்கள் விரும்பவில்லை. ஆனாலும் அன்றைக்கு வேறு கதவு திறந்திருக்கவில்லை.

பள்ளியும் மாலை நேரமும்

கல்வி உரிமைச் சட்டப்படி ஆண்டின் எந்த மாதத்திலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். பேர் ஏற்கெனவே பதிவில் இருந்ததால் சேர்ப்பதில் சிரமம் இல்லை. எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்கும் போய்விட்டாள். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. தமிழ் சரளமாகப் படித்தாள். கணக்கில் ஒரு வருடம் முழுவதும் இல்லை. இயற்கணிதம் என்றால் என்னவென்றே தெரியாது. வகுப்பில் அழுதுவிட்டு வந்து, "பாப்பாவையே பாத்துக்கிட்டு இருந்திருக்கலாம்" என்று சொன்னாள். அவர்கள் கட்டடத்திலேயே மாலை வகுப்பு எடுத்துவந்த இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், எட்டாம் வகுப்புவரைதான் திட்டம் என்றாலும், இவளையும் உட்கார வைத்து ஏழாம் வகுப்புக் கணக்கிலிருந்து ஆரம்பித்தார்.

அந்த மாலை வகுப்பு படிப்புக்கு மட்டும் உதவவில்லை. நான்கு மணியிலிருந்து ஏழுவரை பெண் எங்கே இருக்கிறாள் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. அதே தளத்தில் இருந்த இன்னும் மூன்று பெண் பிள்ளைகளோடு சேர்ந்து போய்ச் சேர்ந்து வந்தாள்.

மீதி இருந்த ஒரு மணி நேரத்தை அம்மாவின் புது வேலை தீர்த்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஐடி வளாகங்களுக்கு ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் எடுக்கும் ஒப்பந்தக்காரரிடம் ஜூலையில் சேர்ந்தார். காலை ஏழு முதல் மாலை நாலு வரை ஷிஃப்ட், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. ஐந்து மணிக்கு வீட்டில் இருந்தார். பயணத்தில் போய்க்கொண்டிருந்த மூன்று நான்கு மணி நேரம் அவர் கைக்குத் திரும்பி வந்தது. அதன் பிறகு மகளைப் பள்ளிக்கு அனுப்புவது பற்றி அவரிடம் நாங்கள் பேச வேண்டிய அவசியமே வரவில்லை.

2024-இல் நிலை

சிறுமி பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். கணக்கு இன்னும் தடுமாற்றம்தான். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அந்த அடுக்ககத்தில், குடியிருப்போர் சங்கத்தோடு பேசி, உள்ளே வரும் வீட்டு வேலையாட்களின் பதிவேட்டில் பிறந்த தேதிக்கும் ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னோம், சேர்த்திருக்கிறார்கள். சமையல்காரப் பெண்ணின் பெயர் இன்றுவரை வெளியே வரவில்லை, வேலையிலும் இருக்கிறார்.

2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வரத் தொடங்கியதும், அந்த ஆயிரத்தில் மாதம் ஐந்நூறை அம்மா பெரியம்மாவுக்குக் கொடுத்து அனுப்புகிறார். முதல் மாதம் அவர்கள் வாங்க மறுத்தார்களாம். இவர் விடவில்லை.

மாற்றிக்கொண்டவை

இப்போது மீட்புக்குப் போகும் அதே நேரத்தில் எங்களில் ஒருவர் குழந்தையின் அம்மாவுடன் இருக்கிறார். காவல் நிலையத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு வழியாக ஒரு தாய்க்கு விஷயம் தெரியக் கூடாது. வேலை செய்யும் இடமும் வீடும் வேறு வேறு மாவட்டம் என்றால், வீட்டு நிலை விசாரணையை இரண்டாவது மாவட்டத்தின் அலகிடம் முன்பே கேட்டு வாங்கிக்கொள்கிறோம். இல்லத்தில் தங்கும் காலம் ஒரு மாதத்திலிருந்து சில நாளாகக் குறைய இது ஒன்றே போதும்.

வழக்குப் பதிவானால் அம்மாவின் வேலை போகும் என்பதை நிச்சயமான விளைவாகவே எடுத்துக்கொள்கிறோம். வீட்டுக்கு அருகில் மாற்று வேலை பார்ப்பது மீட்புத் திட்டத்தின் முதல் வாரத்திலேயே தொடங்குகிறது. பெரும்பாக்கம், கண்ணகி நகர், செம்மஞ்சேரி போன்ற இடங்களில் இது சாத்தியம்; சாலையைத் தாண்டினால் வேலை இருக்கிறது, அதில் சேர்த்துவிட ஆள்தான் தேவை.

பள்ளிகளிடம் ஒரே ஒரு கோரிக்கை வைத்திருக்கிறோம். ஆறாம் வகுப்புக்கு மேல் ஒரு மாணவி தொடர்ந்து இரண்டு வாரம் வராவிட்டால், சடங்கு காரணம் என்றாலும், எங்களுக்கோ ஒன்றிய அளவில் பள்ளி செல்லாக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கோ சொல்லிவிட வேண்டும். இரண்டு தலைமையாசிரியர்கள் அப்படிச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அப்படி வரும் தகவலில் முதல் தடவை வீட்டுக்குப் போகும்போது நாங்கள் சட்டம் பேசுவதில்லை. மாலை நான்கு மணிக்கு மேல் இந்தப் பெண் யாரோடு இருப்பாள், அம்மா எத்தனை மணிக்கு வருவார், சடங்குக்கு யாரிடம் கடன் வாங்கினார்கள், தாய்மாமன் எங்கே இருக்கிறார் என்ற நான்கையும் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறோம். விசாரணைப் படிவத்தில் இந்த நான்குக்கும் இடம் கிடையாது. பின்பக்கத்தில் எழுதுகிறோம்.